குமிழ் யார் கையில் இருந்தது?

அன்புள்ள தங்கைக்கு,

தபால் திணைக்களத்தில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவன் நான். உவர்மலையில் இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திருகோணமலையின் பழைய தேநீர்க் கடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கடையில் பாடிக்கொண்டிருந்த வானொலியை மட்டும் ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். அந்தக் குறைதான் என்னை எழுத வைத்தது.

எங்கள் காலத்தில் காலையில் இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் ஒழுங்கை முழுவதும் ஒரே பாட்டுத்தான். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு வீட்டு வாசலில் பல்லவி கேட்டால் நாலு வீடு தள்ளிச் சரணம் கேட்கும். ஒரு சொல்லும் தவறாது. இப்போது என் பேத்தி உயர்தரம் படிக்கிறாள். விறாந்தையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறாள், காதில் இயர்போன். அப்படி என்னத்தைத்தான் கேட்கிறாய் என்று ஒரு நாள் அதட்டினேன். "ஒன்றுமில்லை தாத்தா" என்றாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பாட்டுக் கேட்பதும் ஒரு கேட்பா? இந்தப் பிள்ளைகளுக்கு இசை கேட்கத் தெரியாமல் போய்விட்டதா?

இன்னொன்று. என்னிடம் இரண்டு தகரப் பெட்டி நிறையக் கசெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் படப் பாட்டுகள், ரெக்கோர்டிங் பார் என்ற பாட்டுப் பதியும் கடையில் துண்டு எழுதிக் கொடுத்துப் பதிந்தவை. அதற்குள் என் அக்கா மத்திய கிழக்கில் வேலை செய்தபோது பேசி அனுப்பிய சிலவும் கிடக்கின்றன. வீட்டில் எல்லாவற்றையும் எறியச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ச., உவர்மலை

அன்புள்ள அண்ணா,

கசெட்டுகளை எறிய வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒழுங்கை முழுவதும் ஒரே பாட்டு என்கிறீர்கள். உண்மைதான், நானும் அதன் வால் பகுதியைக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அது மக்கள் ஒற்றுமையாகக் கூடி எடுத்த முடிவல்ல. நாட்டில் வேறு நிலையம் இல்லை, அவ்வளவுதான். அந்த நிலையம் அப்படிப் பொலிந்ததற்கும் ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலி அதை ஓரங்கட்டியது. இந்திய நேயர்கள் வானொலிக் குமிழைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள், விளம்பரக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். டில்லி விழித்துக்கொண்டு, திரைப்பாட்டு போடும் விவித் பாரதி சேவையைத் தொடங்கியபோது 1957 ஆகிவிட்டது. ஓர் அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டு, பற்பசை விற்க வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. எங்கள் பொற்காலத்தின் மூலதனம் அதுதான்.

இதைச் சொல்வது அந்த அறிவிப்பாளர்களைக் குறைப்பதற்கல்ல. எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களைக் கேட்டே தமிழை உச்சரிக்கப் பழகியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாட்டைப் போடுவதற்கு முன் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். யார் எழுதிய பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்ட கடைசித் தலைமுறை நாங்கள்தானோ என்று எனக்கும் தோன்றுவதுண்டு. கைபேசியில் பாடகர் பெயர் வருகிறது, படம் வருகிறது, எழுதியவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் மெல்லிசைப் பாட்டுகளைத் தமிழகத் திரைப்பாட்டுகளோடு ஒரே மூச்சில் கேட்க வைத்ததும் அந்த வானொலிதான். இதில் உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன்.

சண்டை வேறிடத்தில். என் பாட்டனாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளக் கச்சேரி கேட்ட மனிதர். இசைத்தட்டு என்றாலே அவருக்கு இளக்காரம். நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். நாயனக்காரர் சீவாளியை நனைத்து வாயில் வைக்கவே அவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடுகிறானாம் என்று சிரிப்பார். சினிமாப் பாட்டு மூன்றரை நிமிடத்தில் அடங்கியது கலைக்காக அல்ல, தட்டில் இடமில்லாததால். 1948இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்த பிறகும் அந்த அளவு பழகிப்போய்விட்டது. ஆக, நீங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்தப் பாட்டுகளே அவருக்குக் கெட்டுப்போன காலத்தின் அடையாளம். உங்கள் தந்தையாரும் ஒலிபெருக்கி வந்த நாளில் ஏதாவது சொல்லியிருப்பார், நினைத்துப் பாருங்கள்.

இனி நம் வீட்டு வானொலிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அப்பா அதை மேசையில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் வைப்பார். யாராவது தூசி துடைக்கும்போது நகர்த்திவிட்டால் வீட்டில் பெரிய சத்தம். அது வெறும் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். மத்திய அலையைப் பிடிக்கும் ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ஃபெரைட் தண்டில் சுற்றிய கம்பிச் சுருள். தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தபடி இருந்தால் ஒலி தெளிவாக வரும், முனை பார்த்தால் தேய்ந்துவிடும். இரவில் திருச்சி வானொலியை எடுக்கும்போது அப்பா பெட்டியை மெல்லச் சுழற்றியது அதற்காகத்தான். பொழுது சாய்ந்ததும் மேலே வான்மண்டலத்தில் மத்திய அலையை விழுங்கும் அடுக்கு கலைந்துவிடும். கடல்நீரும் அலைக்கு நல்ல பாதை. திருக்கடலூர்ப் பக்கம் கடற்கரையில் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கு வீட்டுக்குள் இருந்த எங்களைவிடத் தெளிவாகக் கேட்டது அதனால்தான்.

சரி, அப்பாவின் கோணத்துக்குக் காரணம் இருந்தது. குமிழைத் தொடும் உரிமைக்கு என்ன காரணம் இருந்தது? அப்பா இல்லாத நேரத்தில் அண்ணன் தொடலாம். அம்மா தொட்டு நான் பார்த்ததில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வருவதைக் கேட்பாள். பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி நேரமாகிவிட்டால் அப்பா அலைவரிசையை மாற்றிவிடுவார். இரவில் பிபிசி தமிழோசை. யுத்த காலத்தில் அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடக்கூடாது, சத்தத்தையும் வேலிக்கு அப்பால் போகாதபடி குறைத்து வைக்க வேண்டும். பாட்டை வெட்டியதற்காக அப்பாவை நான் குறை சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஓடுமா, எந்தப் பாதை பூட்டு என்பது அந்தச் செய்தியில்தான் தெரியும். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதி, பாதிப் பாட்டுகள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவின் கையில் ஒரு கைபேசி கொடுத்து யூடியூபில் எப்படித் தேடுவது என்று காட்டினேன். முதல் வேலையாக அவள் தேடியது அப்படி வெட்டுப்பட்ட ஒரு பாட்டைத்தான். இரண்டாவது சரணத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இது அவ்வளவு நல்லாயில்லை" என்றாள். பிறகு அடுத்த பாட்டைத் தேடினாள். இப்போது இரவில் இயர்போன் போடாமல் படுப்பதில்லை. இந்தத் தலைமுறைக்குக் கேட்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டவில்லை.

ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள் என்று சொல்லும்போது, யார் போட்டதைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம். கடையில் முதலாளி போட்டது, சலூனில் சலூன்காரர் போட்டது, கல்யாண வீட்டில் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக்காரர் போட்டது, வீட்டில் ஆண்கள் போட்டது. யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். அங்கிருந்து வந்த உறவினர்கள் அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். வீட்டில் சிறியவனுக்குத்தான் எப்போதும் சுற்றும் வேலை விழுந்தது என்பதையும் அந்தச் சிறியவன் மட்டும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுவான்.

உங்கள் பேத்தியைப் பற்றி ஒன்று. அதட்டிக் கேட்டால் எந்தப் பிள்ளை பாட்டைச் சொல்லும்? ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். 2013இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்சல் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பிரபலமான பாட்டுகளைப் போட்டுக் காட்டி, எவை நினைவில் நிற்கின்றன, எவை மனத்தைத் தொடுகின்றன என்று பார்த்தார்கள். தங்கள் வயதுப் பாட்டுகள் முன்னுக்கு வந்தன, அதில் புதுமையில்லை. பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளுக்கும் வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தது. அதற்கும் முந்திய 1960களின் பாட்டுகளுக்கும் இன்னொரு மேடு. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, கேட்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாமலே பிள்ளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதே அவர்கள் கொண்ட விளக்கம். அமெரிக்க ஆய்வுதான், எங்கள் விறாந்தைகளில் யாரும் அளந்து பார்க்கவில்லை. என்றாலும் எங்கள் வீட்டில் நான் காண்பதோடு அது பொருந்துகிறது. நீங்கள் வேலை செய்யும்போது உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 'இதல்லவா பாட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வசனத்தால் வெறுக்கப்பட்ட நல்ல பாட்டுகள் ஏராளம்.

இனிக் கசெட்டுகள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட செய்தியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பெட்டி படப் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இன்று இணையத்தில் கிடைக்கும், உங்கள் நாடாவில் இருப்பதைவிடத் தெளிவாக. அவை அழிந்தால் எவருக்கும் நட்டமில்லை. அக்கா பேசி அனுப்பியவை உலகத்தில் ஒரே ஒரு பிரதி. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்ட காலம் எங்கள் ஊரில் பல வீடுகளில் இருந்தது. தொலைபேசி அழைப்புக்குக் காசு போதாது, கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் இருந்தார்கள். அதில் நலம் விசாரிப்பு இருக்கும், காசுக் கணக்கு இருக்கும், பிள்ளைக்குப் பாடிய தாலாட்டும் இருக்கும். அதைக் கேட்டு முடித்துவிட்டு, அதே நாடாவின் மேலேயே படப் பாட்டைப் பதிந்த வீடுகளையும் எனக்குத் தெரியும். பாட்டுக் கசெட்டுகளையும் எறிய வேண்டாம் என்று நான் சொன்னது அதனால்தான். பாட்டு முடிந்த பிறகு, நாடாவின் கடைசி நிமிடங்களில் பழைய பேச்சு அழியாமல் மிச்சமிருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் முடிவுவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் சில வேலைகள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கசெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும். அப்படித் தெரிந்ததை ஓடவிடாதீர்கள், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போய்விடும். அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். 60 நிமிட நாடாவைவிட 90 நிமிட நாடா மெல்லியது, 120 இன்னும் மெல்லியது. அதிகமாக இழுபடும், சிக்கும். அக்காவின் பேச்சு அப்படிப்பட்டதில் இருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளையும் முறித்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால், திருகாணி போட்ட இன்னொரு கசெட்டின் கூட்டைக் கழற்றி நாடாச் சுருளை அதற்குள் மாற்றலாம். ஒட்டிய கூடென்றால் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும், அதற்குப் பழகிய கை வேண்டும்.

பதிவது கடினமில்லை. ஓடும் நிலையில் உள்ள ஒரு கசெட் பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவும் போதும். முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 பிறகு ஆக்கலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று பேச்சையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். பின்னால் கேட்கும் வாகனச் சத்தத்துக்கும் அடுத்த அறைப் பேச்சுக்கும் ஒரு காலத்தில் பெறுமதி வரும். குடும்பத்துக்குச் சம்மதமென்றால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமமாக்கி வருகிறவர்கள், ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள். அக்கா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அன்று வீட்டாருக்கு மட்டும் என்று பேசியதை ஊருக்குத் திறப்பதா இல்லையா என்பது அவருடைய உரிமை.

கணினி வேலைக்குப் பேத்தியின் உதவி தேவைப்படும். கேட்டுப் பாருங்கள், அதட்டாமல். ஹெட் துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் பாமசியில் கிடைக்கும், காது துடைக்கும் பஞ்சுக்குச்சியும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு தரம் துடையுங்கள்.

அன்புடன்,
தங்கை