மோனார்க்ஸ் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் பேஸ்பால் அணி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெள்ளையர் சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் கறுப்பினத்தவருக்குத் தனி அணி தேவைப்பட்டது. 1947-இல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் வெள்ளையரின் பெரிய லீகில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடியதும் அந்தத் தடை உடைந்தது. அதன்பின் மோனார்க்ஸ் எதற்கு? அது நலிந்ததை இழப்பு என்பது பழைய அக்கிரமத்துக்காக ஏங்குவது ஆகாதா?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

தடை உடைந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடைத்த விதத்தைப் பற்றித்தான் எழுதினேன். ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள், அவர்களை வளர்த்த அணிகளைச் சீந்தவில்லை.

1945-இல் ராபின்சன் மோனார்க்ஸில் இருந்தார். டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை ஒப்பந்தம் செய்தபோது மோனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. மோனார்க்ஸ் ஆடிய கறுப்பர் லீக் முறையான லீகே அல்ல என்பது அவர் சொன்ன நியாயம். மோனார்க்ஸ் உரிமையாளர்கள் முதலில் ஆட்சேபித்தார்கள். ஆனால் ராபின்சனின் வழியை மறித்தவர்கள் என்ற பெயரை யார் சுமப்பார்கள்? பேசாமல் விட்டுவிட்டார்கள். இன்னொரு கறுப்பர் அணியான நியூவார்க் ஈகிள்ஸை நடத்திய எஃபா மேன்லி விடவில்லை. 1947-இல் தன் ஆட்டக்காரர் லாரி டோபிக்காகப் பெரிய லீகின் கிளீவ்லாந்து அணியிடம் 15,000 டாலர் வாங்கினார். அதுவும், ஆட்டக்காரர் வெள்ளையராக இருந்தால் ஒரு லட்சம் தந்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு.

அந்த 'முறையற்ற' லீகின் அணி என்ன செய்தது என்று பாருங்கள். 1930, பொருளாதார வீழ்ச்சிக் காலம். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் ஆட்டத்துக்கு வர முடியாது. உரிமையாளர் வில்கின்சன் (அவர் வெள்ளைக்காரர், இதையும் சொல்லியாக வேண்டும்) கடன் வாங்கி, நீட்டி நிமிர்த்தும் கம்பங்களில் விளக்குகளைப் பொருத்தி, லாரிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஜெனரேட்டரின் இரைச்சல் காதைப் பிளக்கும். பந்து விளக்குக்கு மேலே எழும்பினால் இருட்டில் மறைந்துபோகும். ஆனாலும் கூட்டம் வந்தது. வெள்ளையரின் பெரிய லீகில் முதல் இரவு ஆட்டம் நடந்தது 1935-இல், சின்சினாட்டியில்.

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஓயாத பஸ் பயணத்தையும் மட்டமான தங்குமிடங்களையும் ராபின்சனே 1948-இல் கடுமையாகச் சாடி எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஓர் அணியில் சீர்கேடு இருந்தால் அதைச் சீர்திருத்தலாம். ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக உருவிக்கொண்டால் சீர்திருத்த என்ன மிஞ்சும்? 1955-இல் மோனார்க்ஸ் மிச்சிகன்காரர் ஒருவர் கைக்குப் போனது. கான்சஸ் சிட்டி என்ற பெயரோடு, சொந்த மைதானம் இல்லாமல், 1960-களின் நடுப்பகுதி வரை ஊர் சுற்றியது.

இன்னொன்று. மோனார்க்ஸின் மேலாளர் (களத்தில் அணியை நடத்துபவர்) பக் ஓ'நீல், பிற்காலத்தில் சிகாகோ கப்ஸின் நட்சத்திரமான எர்னி பேங்க்ஸைத் தன் அணியில் வைத்து ஆடவிட்டவர். பேங்க்ஸை 1953-இல் கப்ஸ் எடுத்துக்கொண்டது. ஓ'நீலுக்கு 1962-இல் அதே அணியில், மேலாளருக்குக் கீழான பயிற்சியாளர் பதவி கிடைத்தது. பெரிய லீகுகளில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர்தான். மேலாளர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவர், ஃபிராங்க் ராபின்சன், உட்கார்ந்தபோது ஆண்டு 1975.