மெஷின்தானே டெஸ்ட் பண்ணுது, அப்புறம் எதுக்கு இவ்ளோ கெடுபிடி?

கேள்வி: மேடம், என் மக இங்க எம்.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டு கல்யாணமாகி டெக்சாஸ் போயிருக்கா. ஹாஸ்பிட்டல் லேப்ல வேலைக்கு ட்ரை பண்ணா 'ஹை காம்ப்ளெக்சிட்டி', அதாவது ரொம்பச் சிக்கலான டெஸ்ட் பண்ற தகுதி இருக்கான்னு கேக்குறாங்களாம். எல்லாம் மெஷின் பண்ற காலத்துல ஏன் இப்படின்னு மாப்பிள்ளை கேக்குறார். – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முதல்ல மக செய்ய வேண்டியதைச் சொல்லிடுறேன். நம்ம ஊர் டிகிரியை அமெரிக்க டிகிரிக்கு சமம்னு மதிப்பிட்டுத் தர ஏஜென்சிங்க அங்க இருக்கு, அந்த ரிப்போர்ட் வாங்காம எந்த லேப்லயும் அடுத்த பேச்சே இருக்காது. டெக்சாஸ்ல லேப் வேலைக்கு மாநில லைசென்ஸ் கிடையாது, ஆனா கலிஃபோர்னியா, நியூயார்க், ஃப்ளோரிடா மாதிரி இடத்துக்கு மாறினா அது தனியா வேணும். ஏ.எஸ்.சி.பி.ன்னு ஒரு அமெரிக்க சங்கம் பரீட்சை வச்சுக் குடுக்குற லேப் சர்டிஃபிகேட் அங்க மத்திய சட்டத்துல கட்டாயம் இல்ல, ஆனாலும் நிறைய ஹாஸ்பிட்டல்ல கேக்குறாங்க, அதனால இப்பவே படிக்க ஆரம்பிக்கட்டும்.

இப்ப மாப்பிள்ளை கேள்விக்கு வரேன். 1987ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஒரு விஷயத்தை வெளிய கொண்டு வந்துச்சு, சில லேப்ல ஒரு ஸ்லைடுக்கு இவ்ளோன்னு காசு குடுத்து கணக்கு வழக்கில்லாம பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ல எடுத்த செல்லை மைக்ரோஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்) பாக்க வைக்கிறாங்க, அந்த அவசரத்துல கர்ப்பப்பை வாய் கேன்சர் கண்ணுல படாமலே போயிடுதுன்னு. மறு வருஷமே லேபுங்களுக்கான அமெரிக்க மத்திய சட்டமான க்ளியா வந்துச்சு. இன்னைக்கு அங்க ஒருத்தர் 24 மணி நேரத்துல 100 ஸ்லைடுக்கு மேல பாக்கக் கூடாது, அதுவும் 8 மணி நேரத்துக்குக் குறையாம உக்காந்து பாத்தாதான் அந்த 100. அந்த நூறும் உச்சவரம்புதான், ஒவ்வொருத்தர் திறமையைப் பாத்து அவங்க அளவை அதைத் தாண்டாமதான் வைக்கணும். ஒரு பொண்ணோட உசுரு அந்தக் கண்ணாடித் துண்டுல இருக்கு, அதைப் பாக்குறவங்களுக்குப் படிப்பும் வேணும், நிதானமும் வேணும்.

வீட்டுல பண்ற பிரெக்னென்சி டெஸ்டுக்கு இதெல்லாம் இல்ல. மத்த டெஸ்டுக்கு, எவ்ளோ அறிவு வேணும், எவ்ளோ ட்ரெயினிங் வேணும், ரிசல்ட்டைப் புரிஞ்சுக்க எவ்ளோ யோசிக்கணும்னு 7 விஷயத்துக்கு மார்க் போட்டு 12க்கு மேல போனா அது ஹை காம்ப்ளெக்சிட்டி. அதைப் பண்ண குறைஞ்சது லேப் சயின்ஸ்ல 2 வருஷ அசோசியேட் டிகிரியாவது வேணும்.

கேள்வி: ரிசல்ட் தப்பாச்சுன்னா யார் பொறுப்பு? டெக்னீஷியன் தலையிலதானே விழும்? – எம்.எல்.டி. மாணவர், மதுரை

பதில்: இல்லப்பா, அமெரிக்காவுல கடைசிப் பொறுப்பு லேப் டைரக்டருக்கு. ஹை காம்ப்ளெக்சிட்டி லேப்ல டைரக்டர், டெக்னிக்கல் சூப்பர்வைசர், கிளினிக்கல் கன்சல்டன்ட், ஜெனரல் சூப்பர்வைசர், டெஸ்ட் பண்றவங்கன்னு 5 பொறுப்பு உண்டு, தகுதி இருந்தா ஒரே ஆள் ரெண்டு மூணு பொறுப்பு கூட வச்சுக்கலாம். டைரக்டர் வேலையைப் பிரிச்சுக் குடுக்கலாம், ஆனா அது சரியா நடக்குதான்னு அவர்தான் பதில் சொல்லணும். ஒருத்தர் 5 லேபுக்கு மேல டைரக்டரா இருக்க முடியாது. பேருக்குக் கையெழுத்து மட்டும் போடுற டைரக்டருங்க மேல எனக்கு ரொம்பக் கோவம் உண்டு, அதனால 2024 டிசம்பர்ல இருந்து 6 மாசத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல வரணும், ரெண்டு வருகைக்கு நடுவுல 4 மாசமாவது இடைவெளி வேணும்னு விதி வந்ததுல மனசார சந்தோஷம், ஆனா எனக்கு அதுவும் பத்தாது.

உன் பொறுப்பும் சின்னது இல்ல. சேர்ந்த முதல் வருஷம் 2 தடவை, அப்புறம் வருஷா வருஷம் உன் திறமையைச் சோதிப்பாங்க, நீ டெஸ்ட் பண்றதைப் பக்கத்துல நின்னு பாப்பாங்க, க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) ரெக்கார்டைப் புரட்டுவாங்க, ரிசல்ட் ஏற்கெனவே தெரிஞ்ச சாம்பிளைக் குடுத்துப் பாப்பாங்க, சிக்கல் வந்தா என்ன பண்ணுவேன்னு கேப்பாங்க. கண்ட்ரோல், அதாவது டெஸ்ட் சரியா ஓடுதான்னு பாக்க வைக்கிற சாம்பிள், ஃபெயில் ஆனா அதை சரி பண்ணாம பேஷன்ட் ரிசல்ட் வெளிய போகக் கூடாது, மேல இருந்து யார் அவசரப்படுத்தினாலும் சரி. லேபோட தரத்தைச் சோதிக்க வெளியில இருந்து வர ப்ரொஃபிஷியன்சி சாம்பிளை, விடை சரிபாக்கணும்னு வேணும்னே இன்னொரு லேபுக்கு அனுப்பினா லேபோட சர்டிஃபிகேட்டே போயிடலாம்.

தெரனாஸ்ங்கிற அமெரிக்க ரத்தப் பரிசோதனை கம்பெனி கதை கேள்விப்பட்டிருப்ப. கலிஃபோர்னியா நெவார்க்ல இருந்த அவங்க லேபை சோதிச்சுட்டு, ரத்தம் உறையுற நேரத்தைப் பாக்குற டெஸ்டுல பேஷன்ட் உசுருக்கே ஆபத்துன்னு 2016ல அரசு எழுதிச்சு. அந்த வருஷமே அதோட ஓனருக்கு 2 வருஷம் லேப் நடத்தத் தடை போட்டாங்க. பெரிய பேரு, பெரிய பணம் எல்லாம் இருந்தும் லேபுக்குள்ள செய்ய வேண்டியதை செய்யல.

கேள்வி: பி.எஸ்சி நர்சிங் படிச்சவங்க அமெரிக்காவுல இந்த லேப் டெஸ்டெல்லாம் பண்ணலாமா? – வாசகி, நெல்லை

பதில்: மாடரேட் காம்ப்ளெக்சிட்டி, அதாவது நடுத்தரச் சிக்கல் உள்ள டெஸ்ட் பண்ணலாம்மா. ஹை காம்ப்ளெக்சிட்டிக்கு நர்சிங் டிகிரி மட்டும் இப்ப போதாது, 2024 டிசம்பர் 28க்கு முன்னாடியே அந்த வேலையில இருந்து விடாம தொடருறவங்களுக்கு விலக்கு இருக்கு. புதுசா போறவங்க லேப் சயின்ஸ் பேப்பருங்களைத் தனியா படிச்சுட்டுதான் போகணும்.