தொடை இடுக்கு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. சாட்ஸ்வொர்த்தில் கால்பந்து ஆடுகிறான். நான்கு மாதமாக வலது தொடை இடுக்கில் வலி. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பூப்பெலும்பின் (இடுப்பின் முன்புற எலும்பு) மஜ்ஜையில் வீக்கம் என்றிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு வாரத்தில் ஆடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா? (ஒரு தாயார், டர்பன்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பந்தை உதைத்து, சட்டென்று திசை திருப்பி ஓடுகிறவர்களுக்கு வலியே இல்லாதபோதும் இந்த வீக்கம் படத்தில் தெரிவதுண்டு. 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் விளையாட்டு வீரர்களின் தொடை இடுக்கு வலியை வகைப்படுத்தியபோது, விரலால் அழுத்தினால் எங்கே நோகிறது, எந்தத் தசையை இறுக்கினால் வலிக்கிறது என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். மகன் தொட்டுக் காட்டும் இடமும் படத்தில் மாறியிருக்கும் இடமும் ஒன்றுதானா? மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

சாதாரண இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? செலவு குறைந்த இந்தப் படத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடுப்பு மூட்டின் அமைப்பில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். குடலிறக்கச் சந்தேகம் இருந்தால், இருமச் சொல்லி அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.

ஊசியிலும் இரண்டு வகை உண்டு. மரத்துப்போகும் மருந்தை மட்டும் இடுப்பு மூட்டுக்குள் செலுத்தி, வலி தரும் அசைவை உடனே செய்து பார்க்கச் சொல்வது ஒன்று. அப்போது வலி மறைந்தால் மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கும். மூட்டா தசையா என்ற குழப்பம் இருக்கும்போது இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஸ்டீராய்டு வேறு. உள்தொடைத் தசைநார் வலியுள்ள 24 போட்டி வீரர்களுக்குப் பூப்பெலும்பு இணைப்பில் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. உடனடி நிவாரணம் எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில் எம்.ஆர்.ஐ. மாற்றம் காட்டிய 17 பேரில் 16 பேருக்குச் சராசரியாக ஐந்து வாரத்தில் வலி திரும்பிவிட்டது. மாற்றம் இல்லாத ஏழு பேரும் ஓராண்டுக்குப் பிறகும் நலமாக இருந்தார்கள். உங்கள் மகனின் அறிக்கை அந்த இடத்தைப் பற்றி என்ன சொல்கிறது? எதுவும் இல்லையென்றால், படங்கள் உள்ள சி.டி.யை விளையாட்டுக் காயங்களில் தேர்ந்த கதிரியக்க மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) முன்அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

வலி உள்தொடைத் தசையில்தான் என்றால் பயிற்சியே முதல் மருந்து. 1999இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 68 வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தசையை வலுவாக்கியவர்களில் 23 பேர் வலியின்றிப் பழைய நிலையில் ஆடினார்கள்; லேசர், மசாஜ் போன்ற சிகிச்சை பெற்றவர்களில் நான்கே பேர். இரண்டு வாரம் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பி ஓர் இளைஞனை மைதானத்தில் இறக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஊசி போட்டாலும் அந்த நிவாரணத்தைப் பயிற்சிக்குத்தான் பயன்படுத்த வேண்டும், சனிக்கிழமை ஆட்டத்துக்கு அல்ல.

ஊக்கமருந்துச் சோதனை உள்ள போட்டியில் ஆடுகிறானா என்பதையும் பாருங்கள். 2022 முதல் போட்டிக் காலத்தில் எந்த வகை ஸ்டீராய்டு ஊசிக்கும் தடை உண்டு.

இரவில் வலி, காய்ச்சல், விதைப்பையில் வீக்கம், ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் போங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்து, வலியை மறைத்துக்கொண்டு ஓடினால் எலும்பு முழுவதுமாக முறிந்துவிடக்கூடும்.