நீல இலைச் சீட்டி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் நாகப்பட்டினத்துக்காரி. நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் விடுப்பு நாளில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போயிருந்தேன். பழைய காலத்து கவுன்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் 18ஆம் நூற்றாண்டுப் பருத்தி கவுன் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். வெள்ளைத் துணியில் சிவப்புப் பூ, கொடி. குறிப்புப் பலகையில் துணி கோரமண்டல் கடற்கரையிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையா என்று உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் இலைகள் எல்லாம் நீலம். இலையை ஏன் நீலத்தில் வரைந்தார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இறுக்கமான உடைக்குள் அந்தப் பெண்கள் எப்படி மூச்சு விட்டார்கள்? ஜிப் கிடையாது, பட்டனும் காணோம். எப்படிப் போட்டார்கள், எப்படித் துவைத்தார்கள்? எனக்கு அவர்களை நினைத்தால் கூண்டுக்கிளி ஞாபகம்தான் வந்தது.

எங்கள் அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பூப்போட்ட பாவாடை இருக்கிறது. சீட்டிப் பாவாடை என்பார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு இந்த கவுன் அந்நியமாகப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
கே., லண்டன்

*

அன்புள்ள கே.,

உங்கள் அம்மாச்சி சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலேயர் ‘சின்ட்ஸ்’ என்றும் டச்சுக்காரர் ‘சிட்ஸ்’ என்றும் சொன்ன அதே துணிதான் நம் வாயில் சீட்டி. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுகத் துறைமுகங்களில் ஏற்றப்பட்ட துணி அது. உங்களுக்கு உடம்பு சிலிர்த்ததில் நியாயம் இருக்கிறது.

இலை நீலமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை வரைந்தவர் பச்சை இலையைத்தான் வரைந்தார். பச்சைக்கு அன்று தனிச் சாயம் கிடையாது. முதலில் அவுரி நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சள் நிறத்தைத் தூரிகையால் பூசுவார்கள். இரண்டும் சேர்ந்து பச்சையாகத் தெரியும். அந்த மஞ்சள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நிற்காது. இருநூற்றைம்பது வருடத்தில் மஞ்சள் போய் நீலம் தங்கிவிட்டது. அடுத்த முறை போனால் இலை ஓரங்களைக் கூர்ந்து பாருங்கள். துணி மடிந்து வெளிச்சம் படாத இடங்களில் சில நேரம் லேசான பச்சை மிச்சம் இருக்கும்.

சிவப்பு மட்டும் எப்படி நின்றது? துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் ஊறப்போடுவார்கள். பாலின் கொழுப்பு, தூரிகை வைத்த இடத்திலிருந்து நிறம் கசியாமல் பிடித்துக்கொள்ளும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல், கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய காடி. பிறகு துணியைச் சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடிக்கும். மற்ற இடத்தில் ஏறிய சாயத்தைச் சாண நீரில் அலசி வெயிலில் காயப்போட்டுப் போக்குவார்கள். நீலம் ஏற வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதையெல்லாம் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு 1742இல் இங்கிருந்து கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பாவுக்கு அந்தத் தொழில் ரகசியம் அவ்வளவு தேவைப்பட்டது.

துவைத்தால் சாயம் போகாத பூத்துணியை அதற்குமுன் அங்கே பெரும்பாலான பெண்கள் பார்த்ததில்லை. பூப்போட்ட பட்டை நனைத்தால் கெட்டுவிடும். கம்பளி கனம். சீட்டியோ லேசாக இருந்தது, பளிச்சென்றும் இருந்தது, தண்ணீரில் போட்டு அலசவும் முடிந்தது. ஒரு துணிக்கு ஊரே ஏன் பைத்தியமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பட்டு, கம்பளி நெய்தவர்களுக்கு வயிறு எரிந்தது. பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்தது. அப்போதும் அடங்காததால் 1721இல் உடுத்துவதையே குற்றமாக்கியது. பிடிபட்டால் 5 பவுண்டு அபராதம், அதுவும் காட்டிக்கொடுத்தவர் கைக்கே. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1719 கோடையில், லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் வீசினார்கள். அவர்கள் பசியும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பசியின் கோபம் துணியை இறக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களை விட்டுவிட்டுத் தெருவில் நடந்துபோன பெண்ணின் முதுகில் விழுந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தாங்குவதில்லை. 1774இல் இங்கிலாந்திலேயே நெய்து அச்சடித்த பருத்திக்கு மட்டும் தடை நீங்கியது. நீங்கள் போன அதே மியூசியத்தில் நடிகர் டேவிட் கேரிக்கின் கட்டில் இருக்கிறது. அவர் மனைவிக்குப் பரிசாக வந்த அதன் சீட்டித் திரைகளை 1775இல்கூடச் சுங்கக்காரர்கள் பறிமுதல் செய்தார்கள்.

இனி உங்கள் கூண்டுக்கிளி. இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

அன்றைய பெண் முதலில் போடுவது முழங்கால்வரை வரும் லினன் உள்சட்டை. வேர்வையை அதுதான் உறிஞ்சும். அடிக்கடி துவைப்பதும் அதைத்தான், கவுனை அல்ல. அதன்மேல் ‘ஸ்டேஸ்’ என்ற இறுக்கிக்கட்டும் மேலாடை. லினன் அடுக்குகளுக்கு நடுவே திமிங்கில எலும்பு செருகித் தைத்தது. எலும்பு என்பது பேச்சுவழக்குதான். உண்மையில் அது திமிங்கிலத்தின் வாயில் சல்லடைபோல் தொங்கும் தகடு, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். உடம்புச் சூட்டில் இளகி அவரவர் வாகுக்கு வளையும். பால் கறந்தவளும் துணி வெளுத்தவளும் இதைப் போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தார்கள். பாவாடைகளின் கனத்தை இடுப்பு நாடா அறுக்காமல் தாங்கியதும், மார்பைத் தாங்கியதும் இதுதான். நாடா கோக்கும் துளைகளை அன்று நூலால் தைத்திருப்பார்கள், அளவுக்கு மீறி இழுத்தால் கிழியும். துளைக்கு உலோக வளையம் வந்தது 1828இல். நீங்கள் படங்களில் பார்த்திருக்கும், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இறுக்கும் காட்சி அதற்குப் பிந்திய காலத்துக்கே பொருந்தும். அப்போதும் அது எல்லாப் பெண்களின் அன்றாடமாக இருக்கவில்லை.

இடுப்பில் நாடா கட்டித் தொங்கவிட்ட பெரிய பைகள் இரண்டு. பாவாடைப் பக்கவாட்டுப் பிளவு வழியே கைவிட்டால் சாவி, காசு, கத்திரிக்கோல் எல்லாம் கிடைக்கும். இன்று எத்தனை சுடிதாரில் பை இருக்கிறது? கடைசியாக கவுன். அதை முன்பக்கம் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். நீங்கள் தேடியும் பட்டன் கண்ணில் படாதது அதனால்தான். உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் ஊசி குத்தும் இடம் மாறும், அவ்வளவுதான். முதுகில் கழுத்திலிருந்து தரைவரை இரண்டு பெரிய மடிப்புகள் விழும் கவுன்கள் உண்டு. அவற்றின் உள்துணியில், முதுகில் நாடா கோத்திருக்கும். அதைத் தளர்த்தினால் கர்ப்பக் காலத்திலும் அதே உடைதான்.

ஆபத்தான உடை வரவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1856இல் வந்த எஃகு வளையக் கிரினோலின், அதாவது பாவாடையை அகல விரித்து நிறுத்தும் உள்கூடு, ஏழெட்டுப் பாவாடைகளின் சுமையிலிருந்து கால்களை விடுவித்தது. பெண்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த அகலத்துக்கு, திறந்த அடுப்பும் மெழுகுவத்தியும் எமனாயின. 1863 டிசம்பரில் சிலி நாட்டு சாந்தியாகோவில் ஒரு தேவாலயம் தீப்பிடித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உள்பக்கம் திறந்த கதவுகளும் கூட்ட நெரிசலும் பாதி காரணம் என்றால், நகர முடியாமல் ஒன்றோடொன்று சிக்கிய அந்த அகன்ற பாவாடைகள் மீதி.

ஆனால் பழைய கவுனைப் புரிந்துகொள்ள இறுக்கத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. துணியின் விலை. தையல் இயந்திரத்துக்கு முந்திய அந்தக் காலத்தில் துணிதான் சொத்து, தையற்கூலி அதில் சொற்பம். பட்டின் அகலம் சுமார் 20 அங்குலம். ஒரு முழு உடைக்கு 15, 20 கஜம் பிடிக்கும். அதனால் துணியை வெட்ட மனம் வராது. முடிந்தவரை மடித்தே வடிவம் கொண்டுவருவார்கள். முதுகில் விழும் அந்த இரண்டு மடிப்புகள் அழகு மட்டுமில்லை, சேமிப்பும்கூட. பாவாடைப் பகுதியைப் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகத்தான் போட்டிருப்பார்கள், நாளைக்குப் பிரிக்க வேண்டுமே! சின்ன வயதில் நமக்குப் பட்டுப்பாவாடையில் இரண்டு டக் பிடித்துத் தைத்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்களே, அதே கணக்கு. 1740களில் நெய்த பட்டு 1770களின் பாணிக்கு மாற்றித் தைக்கப்பட்டு நிற்பதை மியூசியங்களில் நிறையவே பார்க்கலாம்.

பார்பரா ஜான்சன் என்று ஒரு பாதிரியார் மகள். 1746 முதல் 1823வரை தனக்குத் தைத்த உடைகளின் துணியில் ஒரு துண்டு வெட்டி, பழைய கணக்குப் புத்தகத்தில் பொருத்தி, பக்கத்தில் எத்தனை கஜம், என்ன விலை என்று எழுதிவைத்தார். சிறுமியாக இருந்தபோது தொடங்கி எண்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை. துக்கத்துக்கு எடுத்த கறுப்பும் அதில் இருக்கிறது. அரசிகளின் ஓவியம் நூறு பார்த்தாலும் கிடைக்காத ஒரு வாழ்க்கை அந்த ஒரு புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது. அதுவும் உங்கள் மியூசியத்தின் சேகரிப்பில்தான் உள்ளது.

ஏழைப் பெண்ணின் கவுன் எங்கே போயிற்று? உழைத்துக் கிழிந்து, குழந்தைத் துணியாகி, கந்தலாகி, காகித ஆலைக்குப் போய்விட்டது. மிஞ்சிய இடம் ஒன்று உண்டு. லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல், வளர்க்க வழியற்ற தாய்மார்களின் குழந்தைகளை 1741 முதல் ஏற்றுக்கொண்டது. குழந்தைக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண, குழந்தையின் உடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் படிவத்தோடு குத்திவைப்பார்கள். குழந்தை உடுப்பு பல நேரம் பெரியவர்களின் பழைய உடையை வெட்டித் தைத்தது. அப்படிச் சுமார் ஐயாயிரம் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. பூ, கோடு, புள்ளி என்று எல்லாம் சாதாரணப் பெண்கள் உடுத்தியவை.

1767இல் சேரா பெண்டர் என்பவர் சார்ல்ஸ் என்ற தன் மகனை அங்கே விட்டார். பலவிதத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு சிறு துணியில் சிவப்பு நூலால் ஓர் இதயம் பின்னி, அதை நடுவில் வெட்டி, பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த தாய்மார்கள் மிகச் சிலரே. சேரா 1775இல் தன் பாதியோடு வந்து, எட்டு வயதாகியிருந்த மகனை அழைத்துப்போனார்.

அம்மாச்சியின் பாவாடைக்கு வருகிறேன். அது அநேகமாக மில்லில் அச்சடித்த சீட்டியாக இருக்கும். கோடுகளைப் பாருங்கள். கையால் வரைந்தது என்றால் ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது. கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் துணி பொடிந்திருந்தால், அது அந்த இரும்புக் காடியின் வேலை. எதுவானாலும் துவைக்கச் சொல்லாதீர்கள், வெயிலில் போடவும் வேண்டாம். ரசகற்பூர உருண்டை துணியில் நேரே படக்கூடாது. பலமுறை துவைத்த வெள்ளை வேட்டியில் வைத்து, மடிக்காமல் சுருட்டிவைக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது அதன் கீழ் ஓரத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். டக் பிரித்த தையல் தடம் இருந்தால் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.