‘ஃபேர்’ என்று எழுதியிருந்தால் எப்படிப் புரிந்துகொள்வது? கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ (fair) என்ற ஒரே பெயரடையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

டீச்சர், அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜெனரல் கண்டிஷன் ஃபேர்’ என்று போட்டிருக்கிறார்கள். அகராதியில் நியாயம், அழகு, வெளிர் நிறம் என்று வருகிறது. பயப்பட வேண்டுமா?

அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் அம்மா. ‘பொதுவான உடல்நிலை பரவாயில்லை’ என்பதுதான் அதன் பொருள். அமெரிக்க மருத்துவமனைகளில் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல் என்று நிலைகளைச் சொல்வார்கள். அதில் ஃபேர் என்றால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவை நிலையாக இருக்கின்றன, நினைவு இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அசௌகரியம் இருக்கலாம் என்று பொருள். மற்ற விவரங்களை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பையனின் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டிலும் ‘ஃபேர்’ என்று இருக்கிறது. பாராட்டா?

இல்லை, ‘சுமார்’. எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், பூவர் என்று வரிசை போட்டால் கடைசிக்கு முந்தின படி அது. தரத்தை அளக்கும்போது ஃபேர் இப்படிக் கீழே இறங்கிவிடும்.

அளவைச் சொல்லும்போதோ மேலே ஏறும். ‘எ ஃபேர் அமவுன்ட் ஆஃப் மணி’ என்றால் சுமாரான பணம் இல்லை, கணிசமான பணம். ‘எ ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்றால் நல்ல தூரம். தமிழிலும் ‘நல்ல கூட்டம்’, ‘நல்ல மழை’ என்கிறோமே, அங்கே ‘நல்ல’ என்பது குணத்தையா சொல்கிறது? நிறைய என்பதைத்தானே! ‘ஃபேர்லி’யும் இடத்துக்கு இடம் மாறும். ‘ஃபேர்லி குட்’ என்றால் ஓரளவு நன்று. ‘ட்ரீட்டட் ஃபேர்லி’ என்றால் நியாயமாக நடத்தப்பட்டார். பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் பொருள் சொல்லவே முடியாது.

வரன் விளம்பரத்தில் ‘ஃபேர்’ என்றால் நிறம், கோர்ட்டில் ‘ஃபேர்’ என்றால் நியாயம். வெள்ளையாக இருப்பவர்தான் நியாயமானவர் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்தார்களா?

முக்கியமான கேள்வி. நியாயம் நிறத்திலிருந்து வரவில்லை, நிறம் நியாயத்திலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் தாய் பழைய ஆங்கிலத்தின் ‘ஃபேகர்’. அழகான, இனிய என்பது அதன் பொருள். அழகு, களங்கமில்லாமை, பிறகு பாரபட்சமில்லாமை என்று ஒரு கிளை போயிற்று. இன்னொரு கிளை, அந்த ஊர்க்காரர்கள் எதை அழகென்று கொண்டாடினார்களோ அதன் மேல் படர்ந்தது: பொன்னிற முடி, வெளிர் தோல். அது ஒரு சமூகத்தின் ரசனை. சொல்லுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டதால் அது உண்மை ஆகிவிடாது.

1975-ல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம் 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. வரன் விளம்பரங்களில் அந்தச் சொல் இன்னும் போகவில்லை; அது என்னை வருத்துகிறது. மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தோலைக் குறிக்கும் ‘ஃபேர்’ வந்தால் ‘வெளிர் நிறம்’ என்று எழுதுங்கள். ‘நல்ல கலர்’ என்று எழுதினால் மற்ற நிறமெல்லாம் கெட்ட கலர் என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

புக் ஃபேர், பஸ் ஃபேர்?

இரண்டும் வேறு குடும்பம். கண்காட்சி, சந்தை என்ற பொருளில் வருவது திருநாளைக் குறித்த லத்தீன் ‘ஃபேரியா’விலிருந்து வந்தது. கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ (fare) எழுத்திலேயே வேறு. பயணம் செய்வதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல் அதன் மூலம். ‘ஃபேர்வெல்’ அதன் உறவு.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எல்லா இடத்திலும் ‘நியாயமான’ என்று போடலாமா ஐயா?

சட்டச் சொற்களில் பெரும்பாலும் போடலாம். ஃபேர் ப்ரைஸ் ஷாப் நியாயவிலைக் கடை. ஃபேர் ரென்ட் நியாய வாடகை. 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் தலைப்பிலேயே நியாயமான இழப்பீடு இருக்கிறது. பதிப்புரிமையில் மட்டும் கவனம்: அனுமதி வாங்காமலே நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்திக்கொள்வதற்கு நம் 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது ‘ஃபேர் டீலிங்’. ‘ஃபேர் யூஸ்’ அமெரிக்கச் சட்டத்தின் சொல். கலந்து எழுதாதீர்கள்.

சட்டத்தைத் தாண்டினால் ‘நியாயமான’ காலை வாரிவிடும். ‘ஃபேர் காப்பி’ நியாயமான நகல் அல்ல, அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதி. பள்ளிக்கூடத்து ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபேர் கேம்’ நியாயமான ஆட்டமும் அல்ல. வேட்டையாட அனுமதி உள்ள விலங்கு அது. இன்று, யார் வேண்டுமானாலும் விமர்சிக்கலாம் என்று கருதப்படும் ஆள்.

பழைய பாரோமீட்டரில் (காற்றழுத்தமானியில்) ‘ஃபேர்’ என்று பார்த்தேன். ‘ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அதேதான். மழையில்லாத, தெளிந்த வானிலை. அந்தக் கருவிகளில் பாதரச உயரம் 29 அங்குலத்தில் மழை, 29.5-ல் மாற்றம், 30-ல் ஃபேர் என்று பொறித்திருப்பார்கள். வெயில் அடிக்கும்போது மட்டும் கூட இருப்பவர் அந்த நண்பர். ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்’ என்று மூதுரையில் ஔவையார் சொன்னாரே, நீர் வற்றியதும் பறந்துவிடும் அந்தப் பறவை மாதிரியான ஆள்தான்.

மேலதிகாரிக்கு ‘ஃபேர் இனஃப்’ என்று மெயிலில் எழுதலாமா?

வேண்டாம். ‘சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்’ என்ற தொனி அதில் உண்டு. முழுச் சம்மதம் இல்லை. நண்பர்களிடம் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். அலுவலகத்தில் ‘தட் இஸ் எ ஃபேர் பாயின்ட்’ என்று எழுதினால் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக மரியாதையோடு ஒப்புக்கொண்டதாகும்.