வாசகர் கேள்வி பதில்: அந்த மலேசிய விமானம் எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370 பற்றித்தான். கைபேசியில் சுற்றும் காணொளிகள் அப்படி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே விட்டுவிட்டேன், மற்றக் கேள்விகள் எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோண்டாவில் வாசகர்: ஐயா, விமானத்தைக் கடத்திக்கொண்டுபோய் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற தியாகோ கார்சியாத் தீவில் இறக்கிவிட்டார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். மாலைதீவில் ஆக்கள் தாழப் பறந்த விமானத்தைக் கண்டார்களாம். நம்பலாமோ?

நம்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். 2014 மார்ச் 8ஆம் திகதி நள்ளிரவு கழிந்து 12:42க்கு, 239 பேரோடு கோலாலம்பூரில் இருந்து பீஜிங்குக்குக் கிளம்பிய போயிங் 777 அது. 1:19க்கு விமானி அறையில் இருந்து கடைசியாக இரவு வணக்கம் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில், தென்சீனக் கடலுக்கு மேலே, கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருந்து மறைந்துவிட்டது. ஆனால் இராணுவ ரேடாரில் அது தொடர்ந்து பதிவாகியிருக்கிறது. வந்த பக்கமே திரும்பி, மலேசியாவைக் குறுக்கே கடந்து, பினாங்குப் பக்கமாக மலாக்கா நீரிணைக்கு மேலே போய், 2:22க்குத்தான் அதிலும் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு நமக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்து சமுத்திரத்துக்கு மேலே, நிலநடுக்கோட்டை ஒட்டி நிற்கும் ஒரு இன்மார்சாட் செய்மதி. தரை நிலையம் அதன் வழியாக ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்கும், விமானத்தில் உள்ள கருவி "இருக்கிறேன்" என்று பதில் அனுப்பும். யாரும் பேசவில்லை, இடமும் சொல்லவில்லை, ஆனால் பதில் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து விமானம் செய்மதியில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்குப் போடலாம். அந்தத் தூரத்தை வரைபடத்தில் போட்டால் ஒரு வளைகோடு வரும். அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றத்தில் இருந்து, போனது வடக்கே இல்லை, தெற்கே என்றும் கண்டுபிடித்தார்கள். கடைசிப் பதிவு மலேசிய நேரம் காலை 8:19, எங்கள் இலங்கை நேரம் 5:49. அது வழக்கமான பதில் இல்லை. மின்சாரம் போய்த் திரும்ப வந்ததும் கருவி தானாக மறுபடி இணைய முயன்ற சமிக்ஞை. எரிபொருள் முடிந்து இயந்திரங்கள் நின்றிருக்கும் என்பதற்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் காணொளிக்கு வருவோம். தியாகோ கார்சியா அந்தச் செய்மதிக்குக் கீழே, கிட்டத்தில் இருக்கிற தீவு. விமானம் அங்கே போயிருந்தால் பதில்கள் வர வரச் சீக்கிரமாக வந்திருக்க வேண்டும். கடைசி வளைகோடோ செய்மதியின் நேர் கீழ்ப் புள்ளியில் இருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி, அவுஸ்திரேலியாவுக்கு மேற்கே ஓடுகிறது. மாலைதீவு ஆக்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை, ஏதோ ஒரு விமானத்தைக் கண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் கண்டது தங்கள் நேரம் காலை 6:15க்கு, அதாவது மலேசிய நேரம் 9:15. கடைசிச் சமிக்ஞை வந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கழிந்துவிட்டது. எரிபொருள் இல்லாத விமானம் எப்படி அங்கே பறக்கும்?

கொழும்புத்துறை வாசகி: காணாமல் போன பிறகும் பயணிகளின் தொலைபேசிகள் அடித்தனவாமே?

நாங்கள் அழைக்கும்போது எங்கள் காதில் கேட்கிற மணிச்சத்தம் மற்றப் பக்கத்துத் தொலைபேசி அடிக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. அந்த எண்ணை வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு மணி கேட்கக்கூடும். சொந்தங்களுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு நம்பிக்கையைக் கொடுத்திருக்கும் என்று நினைத்தால் மனம் தாங்கவில்லை.

குருநகர் வாசகர்: நான் கடற்றொழில் செய்கிறவன். அவுஸ்திரேலியாப் பக்கம் விழுந்த விமானத்தின் துண்டு ஆபிரிக்கப் பக்கம் ஒதுங்கியது என்கிறார்கள். இது நடக்கிற காரியமோ?

உங்களுக்கு நான் கடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை அண்ணை. வாடைக்காலத்தில் வடமராட்சி கிழக்கில், நாகர்கோவில் கரையில் மூங்கில் தெப்பங்கள் வந்து ஒதுங்குகின்றன, மியன்மார்ப் பக்கத்தில் இருந்து வங்காள விரிகுடா முழுவதையும் கடந்து வருகிறவை அவை. அதே வேலைதான் அங்கேயும். தெற்கு இந்து சமுத்திரத்தில் நீரோட்டம் பெரிய வட்டமாகச் சுற்றுகிறது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கம் வடக்கே ஏறி, பிறகு மடகாஸ்கர் பக்கமாக மேற்கே இழுத்துக்கொண்டு போகும். விமானம் விழுந்து 16 மாதங்களுக்குப் பிறகு, 2015 யூலை 29ஆம் திகதி, ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் பின்பக்கத்துத் துண்டு ஒன்று கிடந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, இரண்டு பக்கமும் சிப்பி போன்ற, தண்டுள்ள கடலுயிர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. மாதக்கணக்காகக் கடலில் கிடந்த பொருளில்தான் அப்படி வளரும், கரையில் யாரோ கொண்டுவந்து வைத்த துண்டு அது இல்லை. உள்ளே இருந்த இலக்கங்களை வைத்துப் பிரெஞ்சு அதிகாரிகள் அந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு மொசாம்பிக், தன்சானியா, மொரிசியஸ் கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன. ஒரு தீவில் பத்திரமாக இறங்கிய விமானத்தின் துண்டுகள் இப்படி ஒதுங்குமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சாவகச்சேரி வாசகர்: தலைமை விமானிதான் வேண்டுமென்று செய்தார் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

எல்லாரும் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. திரும்பியது தானியங்கியால் அல்ல, யாரோ கையால் திருப்பியிருக்கிறார்கள் என்று மலேசிய விசாரணையாளர்களின் 2018 அறிக்கை சொல்கிறது. விமானியின் வீட்டில் இருந்த, விமானம் ஓட்டிப் பழகும் பயிற்சிக் கணினியில் தெற்கு இந்து சமுத்திரத்துப் பாதைப் புள்ளிகள் இருந்ததும் உண்மை. சந்தேகப்பட இடம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அதே அறிக்கை, வேறொருவர் தலையிட்டிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் முடிகிறது. கறுப்புப் பெட்டி கிடைக்காமல் ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று எழுத என் கை வராது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இளவாலை வாசகி: இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு காசைக் கொட்டி ஏன் தேட வேண்டும்? போனவர்கள் திரும்பி வரப் போகிறார்களா?

அம்மா, இந்தக் கேள்வியை நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கேட்டதால் விட்டுவிட முடியவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்ததை உங்கள் வயதில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கள் ஆக்கள். சுட்டு வீழ்த்தப்பட்டது என்று பின்னர் விசாரணையில் சொன்னார்கள். அது விழுந்தது ஆழ்கடலில் இல்லை, இரணைதீவுக்கு அப்பால், எங்கள் மீனவர்கள் வலை போடுகிற கடலில். அப்படியிருந்தும் போர்க்காலத்தில் தேட ஆளில்லாமல், 2012இல்தான் கடற்படைச் சுழியோடிகள் அடியில் கிடந்த உடைசலைக் கண்டார்கள். பிறகு அதில் எடுத்த உடுப்புகளையும் சாமான்களையும் யாழ்ப்பாணத்தில் வைத்து உறவினர்களுக்குக் காட்டினார்கள். 14, 15 வருடம் உப்புத்தண்ணீரில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்து, இது என்ர பிள்ளையின்ரதோ என்று தேடிய தாய்மாரிடம் போய், இனி எதற்கு என்று யாராலும் கேட்க முடியுமா? கேட்கக் கூடாது.

எம்.எச். 370இல் போனவர்களில் 150க்கும் மேற்பட்டோர் சீனர்கள், மலேசியப் பயணிகள் 38 பேர், இந்தியர்கள் 5 பேர். 2015 சனவரியில் மலேசிய அரசு இதை விபத்து என்றும் எல்லாரும் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்றும் அறிவித்தது, நட்டஈட்டுக்கு அது வேண்டும். பல குடும்பங்கள் ஏற்க மறுத்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் கிளிநொச்சியில் 2017இல் இருந்து போராட்டத்தில் இருக்கிற அம்மாமார் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்குகிறவர்களுக்கு இதுவும் விளங்கும்.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் தேடலில் அவுஸ்திரேலியா தலைமையில் 120,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடினார்கள், இலங்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் பல இடங்களில் 4,000 மீற்றருக்குக் கீழே. 2017 சனவரியில் அதை நிறுத்தினார்கள். 2025இல் மலேசியா, கடலடியில் தேடும் ஓஷன் இன்பினிட்டி நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் வேறு மாதிரி: கண்டுபிடித்தால் 70 மில்லியன் டொலர், இல்லாவிட்டால் ஒரு சதமும் இல்லை. என்னைக் கேட்டால், இன்னும் பத்துத் தரம் தேடினாலும் சரிதான்.

மானிப்பாய் வாசகர்: மகள் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானத்தில் போகப் பயப்படுகிறாள். இப்படி இன்னொரு விமானம் காணாமல் போகுமா?

பலாலி – சென்னைப் பயணம் குறுகியது, விமானம் கரையை விட்டு வெகுதூரம் போவதே இல்லை, தயங்காமல் அனுப்புங்கள். பெருங்கடல் தாண்டும் விமானங்களுக்கும் விதிகள் மாறிவிட்டன. 2018 நவம்பரில் இருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவை எங்கே இருக்கின்றன என்று பதிவாக வேண்டும். 2024 முதல் புதிதாகச் சேவைக்கு வரும் பெரிய விமானங்கள் ஆபத்தில் மாட்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே இடத்தை அறிவிக்கும் ஏற்பாட்டோடு வர வேண்டும். கறுப்புப் பெட்டி தண்ணீருக்குள் கிடக்கும் இடத்தைக் காட்டக் கத்துகிற கருவியின் மின்கலம் அப்போது 30 நாள்தான் நின்றது, இப்போது 90 நாள். மகளிடம் யன்னல் இருக்கை கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வெளிச்ச நேரமென்றால் ஏறினவுடனேயே காங்கேசன்துறைக் கரை வடிவாகத் தெரியும்.