விளையாட்டு பிள்ளைகளின் குணத்தை வளர்க்குமா?

கோலாலம்பூரில் மகளை ஸ்குவாஷ் பயிற்சிக்கு அனுப்புகிறேன், குணமும் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக வளராது. தோற்ற அன்று வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது.

மறுபாதி, பிறருக்குப் பயன்படப் பழகுவதில். நிக்கோல் டேவிட்டைப் பாருங்கள். பினாங்குப் பெண்; ஸ்குவாஷில் எட்டு முறை உலகச் சாம்பியன்; 2006 ஆகஸ்டிலிருந்து 2015 வரை தரவரிசையில் முதலிடம். 2019இல் ஓய்வுபெற்ற பின் ஓர் அமைப்பைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அந்தப் பட்டங்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நம் ஓட்ட வீரர் மணி ஜெகதீசனும் அப்படித்தான்: 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம், அப்புறம் மருத்துவராகச் சுகாதாரத் துறையில் பணி.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித்தரும் வேலையை மகளிடம் கொடுக்கும்படி பயிற்சியாளரைக் கேளுங்கள்.